வானத்தைப் பார்க்க யார் செலவழிப்பது?

அறிவியலுக்கும் விண்வெளிக்கும் அரசு ஏன் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும் என்ற கேள்வி, ராக்கெட்டுகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்டது. அரசனின் புகழ், கடல் வணிகம், பஞ்சத் தடுப்பு, போர் வெற்றி, பொருளாதார வளர்ச்சி, நாட்டுப் பெருமை என்று காலத்துக்கு ஒரு விடை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இவற்றில் எதுவும் ஐயப்படுவோரை முழுதாகத் திருப்திப்படுத்தியதில்லை. முக்கியமான விடைகள் எங்கே தோன்றின, எங்கே வலுவிழக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றுகளில் பல புதுச்சேரியிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. முன்னூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் யாராவது ஒருவர் பொதுச் செலவில் எதையாவது அளந்துகொண்டிருக்கிறார். அந்தச் செலவை ஏற்றவர்கள் முதலில் பிரெஞ்சு மன்னர்கள், பின்னர் பிரெஞ்சுக் குடியரசு, இன்று பெரும்பகுதி இந்திய அரசு. கொள்கை விவாதங்களை உரசிப் பார்க்க இப்படி நீண்ட பதிவுள்ள ஊர்கள் அதிகம் இல்லை.

மன்னர் செலவில் இரண்டு பார்வைகள்

1689 டிசம்பரில் ஷான் ரிஷோ என்ற இயேசு சபைத் துறவி புதுச்சேரியிலிருந்து ஒரு வால்விண்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காம் லூயி மன்னர் சயாமுக்கு அனுப்பிய குழுவில் வந்தவர் அவர். அங்கே 1688இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இங்கே ஒதுங்கினார். வால்விண்மீனைத் தேடிய பார்வையில், தெற்கு வானின் ஆல்ஃபா சென்டாரி விண்மீன் ஒற்றையன்று, இரட்டை என்பது தெரிந்தது. இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி வழியே கிடைத்த மிகத் தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. மன்னர் இதற்காகப் பணம் கொடுக்கவில்லை. அவருக்கு வேண்டியது சயாமில் செல்வாக்கு.

எண்பது ஆண்டுகள் கழித்து நேர்மாறான ஒன்று நடந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கும் நேரத்தைப் பூமியின் பல இடங்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம் என 1716இல் எட்மண்ட் ஹாலி விளக்கியிருந்தார். இந்தக் கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் வராது. 1761க்கும் 1769க்கும் பல நாட்டு அரசுகளும் கழகங்களும் உலகெங்கும் ஆட்களை அனுப்பின. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் சார்பில் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர் கியோம் லெ ஜாந்தி.

அவர் 1760 மார்ச்சில் கப்பலேறினார். வழியில் மாஹே அருகே வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது என்ற செய்தி கிடைத்தது, கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று ஆடும் தளத்தில் நின்றபடி கடப்பைப் பார்த்தார். ஊசலாடும் கப்பலில் கடிகாரத்தை நம்ப முடியாது, இருக்கும் இடத்தையும் துல்லியமாகக் குறிக்க முடியாது. ஆகவே அந்தப் பார்வை கணக்கில் சேரவில்லை. ஊர் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கினார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தபோது ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் இடிந்த கோட்டையின்மீது அவருக்கு ஒரு ஆய்வுக்கூடம் கட்டித் தந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பினர். எட்டாண்டுகளுக்கு முன் இதே ஊரைத் தரைமட்டமாக்கிய தரப்பினர் அவர்கள் என்பதை நினைத்தால் இது சிறிய செய்தியாகப் படவில்லை. 1769 ஜூன் 4 காலை, சரியாகக் கடப்பு நடக்கும் வேளையில் மேகம் மூடியது. முடிந்ததும் வெயில் அடித்தது. 1771இல் பாரிஸ் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பிரிக்க முற்பட்டிருந்தனர். கழகத்தில் அவர் இடமும் பறிபோயிருந்தது.

திட்டத்தின் இலக்கை வைத்துப் பார்த்தால், பதினோரு ஆண்டுச் செலவுக்குக் கிடைத்தது சுழியம். ஆனால் வேறிடங்களில் எடுத்த அளவுகளைச் சேர்த்து, சூரியனின் தொலைவை இன்றைய மதிப்புக்கு மிக நெருங்கிக் கணக்கிட முடிந்தது. எந்த மேடையில் மேகம் கவியும் என்பது முன்கூட்டித் தெரியாததால் பல மேடைகளுக்குச் செலவழித்தார்கள். இத்தகைய முயற்சியில் ஒரு தனி மேடையின் தோல்வியை எப்படிக் கணக்கெழுதுவது என்பது இன்றும் தணிக்கையாளர்களுக்குச் சிக்கலான விஷயம்தான். லெ ஜாந்தி 1779இலும் 1781இலும் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் பருவக் காற்றும் கடலோட்டமும் மட்டுமல்ல, வீரம்பட்டினத்தில் கண்ட ஒரு சிலையும் பதிவாகியிருக்கிறது. அரிக்கமேட்டுப் பகுதி பற்றிய ஐரோப்பியரின் முதல் குறிப்பாகத் தொல்லியலாளர்கள் அதைச் சொல்கிறார்கள்.

சோழிகளால் கணக்கிட்டவர்கள்

அதே தொகுதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. அரசுச் செலவை ஆதரிப்போர் பொதுவாகப் பேசாமல் விடும் செய்தி அது. புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் லெ ஜாந்தி கிரகணக் கணிப்பு கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ் முறை 41 வினாடி குறைத்துக் காட்டியது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 வினாடி கூட்டிக் காட்டியது. ஆய்வுக்கூடம் இல்லை, தொலைநோக்கி இல்லை, மன்னர் மானியம் இல்லை. பஞ்சாங்கம் கணிப்பதே பிழைப்பாக இருந்த குடும்பங்கள் இந்த அறிவைக் காத்துவந்தன.

1825இல் ஜான் வாரன் இதையே மேலும் நெருக்கமாகப் பதிவுசெய்தார். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்து, பிற்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்து 1830இல் இங்கேயே மறைந்தவர் அவர். ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, எதையும் எழுதாமல் அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிடமும் நடு நேரத்தில் 23 நிமிடமும் முடிவு நேரத்தில் 52 நிமிடமும் பிழை இருந்தது. கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபாவர் 1952இல் இதை ஆராய்ந்து உலகுக்குத் தெரிவித்தார்.

அறிவு வாழ அரசு வேண்டியதில்லை என்போருக்கு இது வலுவான சான்று. எளிதில் தள்ளிவிடக் கூடாது. பல நூற்றாண்டுகள் ஒரு கணித முறையைத் தேவையும் தொழில் ஒழுக்கமும் மட்டுமே தாங்கி நின்றன. இதன் எல்லையும் அதே பதிவில் தெரிகிறது. வாக்கியங்கள் ஒருமுறை அமைந்தபின், அவற்றைப் புதிய பார்வைகளோடு தொடர்ந்து ஒப்பிட்டுத் திருத்தும் ஏற்பாடு பரவலாக இருந்ததாகத் தெரியவில்லை. காப்பதற்குச் சந்தை போதுமானதாக இருந்தது. திருத்துவதற்கு, அதாவது பலனே தெரியாமல் இரவுதோறும் அளந்துகொண்டிருப்பதற்கு, யாரும் கூலி கொடுக்கவில்லை. இரண்டு கிரகணங்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்றாலும், இந்த வேறுபாடு பின்னால் வரும் வாதங்களுக்கு உதவும்.

பயன் கிடைக்கும் என்ற வாதம்

அரசுகளை அசைத்த வாதம் பெரும்பாலும் பயன்தான். வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக வைத்திருந்த வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. கப்பல் வழியும் நில அளவையும்தான் காரணம். 1876–78 பெரும்பஞ்சத்துக்குப் பின், சூரியப் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருந்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு அது ஒரு முக்கியமான உந்துதல்.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. சூரியப் புள்ளிகளைக் கொண்டு பருவமழையைச் சொல்லும் முறை எதுவும் கொடைக்கானலிலிருந்து வரவில்லை. வந்தது 1909இல் ஜான் எவர்ஷெட் கண்ட, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாயும் விளைவு. கூடவே நூறாண்டுக்கு மேல் நாள்தோறும் சேர்ந்த சூரியப் படங்கள். சூரியனின் நீண்டகால மாற்றங்களை ஆராய்வோர் உலகெங்கிலுமிருந்து இன்று அந்தப் படத்தொகுப்பை நாடுகிறார்கள். செயற்கைக்கோள்களையும் மின்கம்பி வலைகளையும் பாதிக்கும் சூரியப் புயல்களைப் புரிந்துகொள்ள அத்தகைய தொடர் தேவைப்படுகிறது. 1899இல் மானியம் கேட்டவர் எவரும் இதைக் காரணமாக எழுதியிருக்க முடியாது.

இந்தப் பயன் வாதத்துக்கு முறையான வடிவம் தந்தது வன்னிவர் புஷ் 1945இல் அமெரிக்க அதிபருக்கு அளித்த அறிக்கை. அடிப்படை ஆய்வு முதலீடு, அதிலிருந்து தொழில்நுட்பம், அதிலிருந்து செழிப்பு என்ற நேர்க்கோட்டுச் சித்திரம் அதிலிருந்து பரவியது. நேரு அரசின் 1958 அறிவியல் கொள்கைத் தீர்மானத்திலும் அதே நம்பிக்கையின் சாயல் தெரிகிறது. கோடு அவ்வளவு நேரானதன்று என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1960களில் இருபது ஆயுத அமைப்புகளின் மூலங்களைத் தேடியபோது, இலக்கற்ற அடிப்படை ஆய்வின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. 1968இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனம் வேறு சில கண்டுபிடிப்புகளை எடுத்து இன்னும் பின்னோக்கிப் போனபோது, அதே பங்கு பெரும்பான்மையாக வந்தது. முதல் ஆய்வு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரும்பிப் பார்த்தது, இரண்டாவது ஐம்பது ஆண்டுகள். பயன் எவ்வளவு என்பதற்கான விடை, எத்தனை ஆண்டு காத்திருந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. ஐந்தாண்டு ஆட்சிக்காலத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டிய அரசுகளுக்கு இது உவப்பான முடிவாக இருக்காது.

வீரம்பட்டினத்து ஒலிபெருக்கி

பொருளாதார அறிஞர்கள் வேறொரு வழியில் வந்தார்கள். ரிச்சர்ட் நெல்சன் 1959இலும் கென்னத் ஆரோ 1962இலும் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: ஒருவர் பயன்படுத்துவதால் அறிவு குறைவதில்லை, பிறர் பயன்படுத்துவதைத் தடுப்பதும் கடினம். ஆகவே அதை உண்டாக்கும் தனியாருக்கு முழுப் பலனும் திரும்பாது. சமூகத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே அவர்கள் முதலிடுவார்கள். அந்த இடைவெளியை அரசு நிரப்ப வேண்டும்.

இதற்கு எதிராக டெரன்ஸ் கீலி 1996இல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டன் அரசு மானியம் அதிகமின்றியே தொழில்வளம் பெற்றது, அரசுப் பணம் தனியார் பணத்தை விரட்டிவிடுகிறது என்பது அவர் வாதம். இதிலிருந்தே ஏழை நாடுகளுக்கான ஓர் அறிவுரை பிறந்தது: அறிவு இலவசமாகக் கிடைக்கும்போது அதைப் பணக்கார நாடுகள் உண்டாக்கட்டும், நாம் எடுத்துக்கொள்வோம்.

அந்த அறிவுரை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் புதுச்சேரிக் கடலோரத்தில் ஓர் உண்மை நிகழ்வு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998 முதல் வில்லியனூரை மையமாகக் கொண்டு ஊர்களில் அறிவு மையங்களை நடத்தியது. வீரம்பட்டினத்தில் மீனவர்கள் கேட்டது அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவலை. அமெரிக்கக் கடற்படை தன் தேவைக்காகத் தயாரித்து இணையத்தில் பொதுவாக வைத்திருந்த அலை முன்கணிப்பை, தன்னார்வலர்கள் நாள்தோறும் இறக்கி, வங்கக் கடலின் இந்தப் பகுதிக்குரியதைப் பிரித்தெடுத்து, தமிழில் எழுதி, கரையிலிருந்த ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய அது உதவியது. வேறொரு நாட்டு வரிப்பணத்தில் பிறந்த அறிவு, அந்த வரி கட்டியோருக்கு எந்த இழப்புமின்றி இங்கே உயிர் காத்தது. ஆரோவின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்போருக்கும் இதே ஒலிபெருக்கி பதில் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ ஊர், அறிவு மையத்தின் ஒலிபெருக்கியால் எச்சரிக்கப்பட்டு உயிரிழப்பின்றித் தப்பியது. எச்சரிக்கை எந்த மையத்திலிருந்தும் வரவில்லை. சிங்கப்பூரில் செய்தி பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். சுனாமி எச்சரிக்கை அமைப்பு அன்று பசிபிக்கில் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. வேறொருவர் பணத்தில் நடக்கும் ஆய்வு வேறொருவர் கடலைத்தான் முதலில் பார்க்கும். ஐதராபாத்தில் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் நடத்தும் எச்சரிக்கை மையம் 2007இல் இயங்கத் தொடங்கியது. பிறர் உண்டாக்கிய அறிவை உள்வாங்கவே சொந்தமாக ஓரளவு ஆய்வுத் திறன் வேண்டும் என்று கோஹன், லெவிந்தல் இருவரும் நிறுவனங்களை ஆராய்ந்து சொன்னது நாடுகளுக்கும் பொருந்தும்போலத் தெரிகிறது.

ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு?

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. அடுத்த ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏறியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பின்னர் பிரான்சின் சென்டார் ராக்கெட் உரிமம் பெற்று இங்கே செய்யப்பட்டது. 1974 ஒப்பந்தத்தின் வழியே இந்தியப் பொறியாளர்கள் பிரான்சில் வைக்கிங் எஞ்சின் பணியில் சேர்ந்து கற்று, அதை விகாஸ் என்ற பெயரில் உருவாக்கினார்கள். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் அந்த எஞ்சின் குடும்பம்தான் சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் நடுப்பகுதியிலும் இருந்தது.

விக்ரம் சாராபாய் தந்த நியாயம் தெளிவானது. நிலவுப் போட்டியில் பணக்கார நாடுகளோடு மோதுவது நோக்கமன்று. மக்களின் அன்றாடச் சிக்கல்களுக்கு உயர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் பின்தங்கக் கூடாது என்றார். 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களுக்கு நாசாவின் செயற்கைக்கோள் வழியே கல்வி ஒளிபரப்பு நடந்தது அந்தச் சிந்தனையின் செயல்வடிவம்.

எதிர்ப்பு வாதமும் அதே அளவு பழையது: பள்ளியும் மருத்துவமனையும் போதாத நாட்டில் இது முன்னுரிமையா? வழக்கமான பதில், செலவு மிகச் சிறியது என்பது. 2024–25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஏறத்தாழ 13,043 கோடி ரூபாய். மொத்தச் செலவு 48 லட்சம் கோடியைத் தாண்டியது. நூறு ரூபாய்க்கு 27 காசு. இருந்தும் இந்தப் பதில் போதாது. அதே பட்ஜெட்டில் சுகாதார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 91,000 கோடி. விண்வெளிப் பணம் அதில் ஏழில் ஒரு பங்கு. அதை அங்கே மாற்றினால் ஒன்றும் நடக்காது என்று சொல்வது நேர்மையாகாது. சந்திரயான்-3க்கு 615 கோடிதான் ஆனது, ஒரு திரைப்படத்தின் செலவு என்று பெருமைப்படுவதும் வாதமாகாது. மலிவாக இருப்பதாலேயே ஒன்று தேவையாகிவிடாது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தை இயக்கி 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறக்கியபோது இந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் எழுந்த உற்சாகம் உண்மையானது, மதிப்புள்ளது. எத்தனை பேரை அது ஆய்வுக்கூடம்வரை கொண்டுசெல்லும் என்பது அளக்கப்படாமலே பேசப்படுகிறது.

வலுவான பதில் வானிலையில் இருக்கிறது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் அதே கரையை ஃபைலின் தாக்கியபோது பலி ஐம்பதை எட்டவில்லை. இரண்டும் ஒரே மாதிரிப் புயல்கள் அல்ல. பாதுகாப்பு முகாம்களும் மாவட்ட நிர்வாகமும் செய்த பங்கு பெரியது. ஆனால் பல நாள் முன்னமே புயலின் பாதை தெரியாவிட்டால் யாரையும் நகர்த்த முடியாது. அந்தப் பாதையைச் சொல்பவை இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களும், காரைக்கால், சென்னை போன்ற இடங்களிலுள்ள டாப்ளர் ரேடார்களும், கணிப்பு மாதிரிகளும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இதன் வலுவும் குறையும் ஒருசேரத் தெரிந்தன. புதுச்சேரியை ஒட்டிக் கரையேறும் என்பது முன்பே அறிவிக்கப்பட்டது. கரையேறிய புயல் மணிக்கணக்கில் அநேகமாக அசையாமல் நின்றதும், ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி நகரின் பல பகுதிகள் மூழ்கியதும் அதே தெளிவோடு முன்னறியப்படவில்லை. இதை ஆய்வின் தோல்வி என்று ஒரு தரப்பும் மேலும் ஆய்வு தேவை என்பதற்குச் சான்று என்று மறுதரப்பும் கொள்ளலாம். ஆதரவாளர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். வெற்றியும் நிதி கேட்கக் காரணம், தோல்வியும் நிதி கேட்கக் காரணம் என்றால் அந்த வாதத்தை எதைக் கொண்டும் சோதிக்க முடியாது.

கொசு எண்ணுவதும் மகரந்தம் சேர்ப்பதும்

விவாதம் எப்போதும் ராக்கெட்டைச் சுற்றியே நடப்பதால், பொதுநிதி இல்லாவிட்டால் முதலில் நின்றுபோகும் வேலைகள் கண்ணில் படுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. ஊரில் வி.சி.ஆர்.சி. என்றால்தான் தெரியும். யானைக்கால் நோய் இங்கே நெடுங்காலம் இருந்தது. அதன் நுண்புழுக்கள் இரத்தத்தில் மேலெழுவது இரவில். எனவே வீடு வீடாக இரவில் போய் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க வேண்டும். டார்ச் விளக்கும் உறிஞ்சுகுழலுமாகச் சுவரிலும் கட்டிலடியிலும் தங்கிய கொசுக்களைப் பிடித்து, எண்ணி, ஒவ்வொன்றையும் அறுத்து உள்ளே புழு இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1981 முதல் 1985 வரை நகரில் நடந்த ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதுகெலும்பு இந்த எண்ணிக்கைதான். பிற்பாடு ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து உருவாக்கிய கணினி மாதிரிக்கு இந்தப் புதுச்சேரித் தரவுகள் அடித்தளமாயின; ஒரு பகுதியில் எத்தனை ஆண்டுகள் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் நோய் அறும் என்று மதிப்பிட அத்தகைய மாதிரிகள் உதவுகின்றன. இங்கு பிரித்தெடுத்த பி-17 என்ற நுண்ணுயிர் வகை கொசுப்புழுக் கொல்லியாகி, தனியார் நிறுவனங்களுக்கும் உற்பத்தி உரிமம் தரப்பட்டது. உரிமம் வாங்கியோர் முதல் இருபது ஆண்டுக் கொசு எண்ணிக்கைக்குப் பணம் தந்திருப்பார்களா என்று கேட்டால், தந்திருக்க மாட்டார்கள் என்பதே நியாயமான ஊகம்.

கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இன்னொரு வகை. 1955இல் ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கிய அதை இன்றுவரை பெரும்பாலும் பிரான்சின் பொதுப்பணம் நடத்துகிறது. அதன் மகரந்தத் தொகுப்பு உலகின் பெரிய தொகுப்புகளில் ஒன்று. அதற்கு உழைத்தவர்களில் முதன்மையான தணிகைமணி 1986 செப்டம்பரில் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்தார். சதுப்பு மண்ணில் புதைந்த மகரந்தத்தை இந்தத் தொகுப்போடு ஒப்பிட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே எந்த மரங்கள் நின்றன, மழை எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம். ஒப்பிட ஏதும் இல்லாவிட்டால் மண் மண்ணாகவே இருக்கும்.

கொடைக்கானல் படங்கள், கொசு எண்ணிக்கை, மகரந்தச் சில்லுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பொதுநிதிக்கு ஆதரவான உறுதியான வாதம் பெருங்கண்டுபிடிப்புகளைவிட இடைவிடாத அளவெடுப்பில் இருப்பதாகத் தோன்றுகிறது. இடையில் பத்தாண்டு விட்டுப்போனால் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பத்தாண்டை வாங்க முடியாது. இக்கட்டுரை ஒரு பக்கம் சாய்கிறதென்றால் இந்தப் பக்கம்தான்.

யார் தீர்மானிப்பது?

செலவழிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டவர்களும் இங்கே பிரிகிறார்கள். ஆய்வைச் சமூகம் திட்டமிட வேண்டும் என்று 1939இல் ஜே.டி. பெர்னால் எழுதினார். அறிவியலாளர் குடியரசு தன்னைத்தானே நடத்திக்கொள்ளட்டும் என்று 1962இல் மைக்கேல் பொலானி பதிலளித்தார். முன்னது அதிகாரிகளின் பிடிக்கும் பின்னது யாருக்கும் பதில் சொல்லாத வட்டத்துக்கும் இட்டுச்செல்லக்கூடும்.

புதுச்சேரிக் கடற்கரை இதற்கு ஒரு பாடம். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் கூட்டிக்கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்தது. வடக்கே நகரின் மணற்கரை கரைந்து, கருங்கல் கொட்டிய கரையானது. அரிப்பு கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுப் பகுதிக்கும் நகர்ந்தது. துறைமுகத்தைக் கட்டியதும் பொதுப்பணம், வடிவமைத்ததும் நிபுணர் அறிவு. மணலின் போக்கு யாருக்கும் தெரியாத இரகசியமாகவும் இருக்கவில்லை. மீனவர்களும் பாண்டிகான் போன்ற குடிமக்கள் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்திய பிறகு, புவி அறிவியல் அமைச்சகத்தின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் பெரிய எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அதன் பின் கடற்கரைச் சாலையில் ஒரு பகுதிக்கு மணல் திரும்பியது. மீட்டதும் பொதுநிதி அறிவியல், இழப்புக்குக் காரணமானதும் பொதுநிதிப் பொறியியல். வடக்கிலுள்ள ஊர்களின் நிலை இன்னும் தீரவில்லை.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம் மறுமுனையில் நிற்கிறது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மலை, நீர், காடு பற்றிய அச்சம் ஊரில் எழுந்தது, வழக்குகள் தொடர்ந்தன, தமிழ்நாடு அரசும் எதிர்த்தது. திட்டம் நின்றது. எதிர்த்தோரின் அச்சங்களில் சில அறிவியல் அடிப்படை இல்லாதவை என்று இயற்பியலாளர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் ஊருக்குள் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது என்பதும் உண்மை. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் ‘துளிர்’ இதழைத் தமிழில் நடத்தி வருவது போன்ற முயற்சிகளை ஆய்வு நிறுவனங்கள் தம் வேலையின் பகுதியாக எண்ணியதில்லை. பணம் கொடுப்பவரிடம் அவர் மொழியில் பேசாத துறைக்கு நெருக்கடியில் ஆதரவாளர்கள் கிடைப்பது அரிது.

திறந்திருக்கும் கேள்விகள்

இதுவரை கண்டவற்றில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பொது அறிவைச் சந்தை போதிய அளவு உண்டாக்காது என்ற வாதம் கீலியின் எதிர்ப்புக்குப் பிறகும் பெரும்பாலும் நிலைக்கிறது. பிறர் ஆய்வை எடுத்துக்கொண்டே காலந்தள்ளலாம் என்பது 2004க்குப் பிறகு இந்தக் கரையில் ஏற்க முடியாத வாதம். குறிப்பிட்ட பயனைக் குறிப்பிட்ட காலத்தில் தருவோம் என்ற வாக்குறுதியின்மேல் நிதி கேட்பது, கொடைக்கானலில் நடந்ததுபோல, பெரும்பாலும் பொய்க்கும்.

எவ்வளவு என்பதற்கு விடை இல்லை. 2020–21இல் இந்தியாவின் மொத்த ஆய்வுச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, சீனா 2 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது, தென்கொரியா 4 விழுக்காட்டை. குறைவு என்பது வெளிப்படை. சரியான அளவு எது என்று எந்தக் கோட்பாடும் சொல்வதில்லை. விண்வெளிக்கும் மற்றத் துறைகளுக்கும் இடையே எப்படிப் பிரிப்பது என்பதும் இன்றுவரை வாதத்தால் முடிவானதில்லை. பழக்கத்தாலும் செல்வாக்காலும் முடிவாகிறது.

புதிய சோதனை ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2023இல் நிறைவேறிய சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. அதில் 36,000 கோடி அரசு அல்லாத வழிகளிலிருந்து வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இந்தியாவின் ஆய்வுச் செலவில் தனியார் பங்கு 2020–21இல் ஏறத்தாழ 36 விழுக்காடுதான் என்பதால், அந்தப் பணம் வருமா என்பது முதல் கேள்வி. வந்தால் எதற்குப் போகும் என்பது அடுத்தது. சென்னையின் அக்னிகுல் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் ராக்கெட்டை ஏவியது; அரசு அறுபதாண்டு கட்டியெழுப்பிய தளமும் திறனும் இருந்ததால் அது முடிந்தது. அத்தகைய முயற்சிகளுக்குத் தனியார் முதலீடு கிடைக்கும் என்று நம்ப இடமுண்டு. இரவு இரத்தப் பரிசோதனைக்கும் மகரந்தச் சில்லுகளுக்கும் நாள்தோறும் எடுக்கும் சூரியப் படத்துக்கும் அதே பணம் வருமா என்பதற்கு இதுவரை எந்த நாட்டிலும் நல்ல முன்னுதாரணம் இல்லை. 2028இல் அந்த ஐந்தாண்டு முடியும்போது கேட்க வேண்டிய கணக்கு, எத்தனை கோடி திரண்டது என்பதோடு, எத்தனை தொடர் அளவெடுப்புகள் நிற்காமல் நடந்தன என்பதும்தான்.